முதுகில் எழுதிய ஆசிரியர்

தொண்டை மண்டலத்தில் பொன்விளைந்த களத்தூர் என்று ஓர் ஊர் உண்டு. இன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அவ்வூரிலே தோன்றிய வீரராகவ முதலியாருக்குக் கண் பார்வை கிடையாது. அக்காலத்துப் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதியும், பிறகு ஓலையில் எழுத்தாணி பிடித்தும் படித்தார்கள். இந்தப் பிள்ளைக்கு மணலும் ஒன்றுதான், ஓலையும் ஒன்றுதான். ஆகவே, எழுத்துக்களை அவர் முதுகிலே விரலால் எழுதிக் காட்டிக் கற்பித்தார்கள் என்பது வழிவழியாக வந்த செய்தி. அப்படிக் கற்றவரே பிற்காலத்தில் 'அந்தகக்கவி' என்று பெயர் பெற்று, திருக்கழுக்குன்றப் புராணமும் சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் பாடினார்.

கவிராயரைப் புகழாதவர் இல்லை. ஆனால் அவர் முதுகில் எழுதிய உபாத்தியாயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாமும் அதே தொழில் செய்கிறவர்களாகையால் நமது கவனமெல்லாம் அவர் மீதுதான் செல்லுகிறது. "பார்வையில்லாத பையனுக்குப் படிப்பு எதற்கு? வீட்டிலேயே இருக்கட்டும்" என்று அவர் சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஊராரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஏட்டை மாற்றினாரே தவிர, எழுத்தை மாற்றவில்லை. மற்றப் பிள்ளைகள் படித்த அதே நெடுங்கணக்கைத்தான் இந்தப் பிள்ளையும் படித்தது.

இந்த வரலாறு இப்போது நம் நினைவுக்கு வரக் காரணம் ஒரு பழைய மாணவி.

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பொன்னேரியில் நமது வீட்டு வாசலிலே ஒரு பெண் வந்து நின்றாள். கையில் வெள்ளைக் கோல்; பக்கத்தில் அவள் தம்பி. "ஸார், என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டாள். குரலைக் கேட்ட மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. எட்டு வருஷங்களுக்கு முன் நம்மிடம் பத்தாம் வகுப்புத் தமிழ் படித்தவள். தகப்பனார் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை செய்கிறார். இப்போது அவள் சென்னையில் எம்.ஏ. தமிழ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். தினந்தோறும் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் பிரயாணம். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று நிலையங்களை எண்ணிக்கொண்டே வருவாளாம். எண்ணூர் வந்ததை மட்டும் எண்ணிப் பார்க்கத் தேவையில்லையாம், காற்றே சொல்லிவிடுமாம்.

"வா அம்மா, உட்கார். என்ன விசேஷம்?" என்று விசாரித்தோம்.

"பத்து நாளில் பரீட்சை, ஸார். எனக்கு எழுதிக் கொடுத்து வந்த பெண்ணுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் வேண்டும்."

கலாசாலையில் ஆள் தர மாட்டார்களா என்று கேட்டதற்குச் சிரித்தாள். "தருவார்கள் ஸார். போன தடவை தந்தார்கள். அவருக்கு 'ழ' வராது" என்றாள். அவள் 'அளபெடை' என்று சொல்ல, அவர் 'அலபடை' என்று எழுதினாராம். விடைத்தாளைத் திருத்தியவருக்கு அது மாணவியின் பிழையாகத்தான் தெரிந்திருக்கும். எழுதியவர் யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்?

நாமும் சிரித்தோம். ஆனால் அவள் போன பிறகு யோசித்துப் பார்த்ததில் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு வருஷம் பாடுபட்டுப் படித்த படிப்பு, முன்பின் அறியாத ஒருவருடைய ரகர றகரங்களையும், னகர ணகரங்களையும் நம்பி நிற்கிறது. யாப்பிலக்கணப் பரீட்சையில் ஒரு வெண்பாவை அலகிட வேண்டுமானால், சீர் எங்கே பிரிகிறது, தளை எங்கே தட்டுகிறது என்பதை அவள் வாயால் சொல்ல, இலக்கணமே படிக்காத ஒருவர் கையால் எழுதவேண்டும். எழுதியதை அவள் பார்க்க முடியாது. திரும்பப் படிக்கச் சொல்லித்தான் கேட்க முடியும். படிக்கும் நாக்குக்கும் 'ழ' வராவிட்டால் அந்தச் சோதனையும் பயனற்றுப் போகிறது.

இத்தகையவர்களுக்கு அரசாங்க உத்தரவுகளில் 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். நல்ல பெயர்தான். ஆயினும் அவர் சொல்வதை எழுதினால் மட்டும் போதாது. கேள்வித்தாளைப் படித்தும் காட்டவேண்டும். கண்ணுள்ள மாணவர் நான்கு பக்கக் கேள்வித்தாளை இரண்டு நிமிஷத்தில் மேலோட்டமாகப் பார்த்து, எதை எழுதலாம், எதை விடலாம் என்று தீர்மானித்துவிடுகிறார். இவளுக்கோ அதை முழுவதும் படிக்கக் கேட்கவேண்டும். 'அல்லது' என்று வரும் இடங்களில் இரண்டு தடவை கேட்கவேண்டும். பதினாறாம் கேள்விக்குப் போனபின் பதினொன்றாம் கேள்வியை நினைவில் வைத்திருக்கவேண்டும். பிறகு, எழுதுகிறவரின் பேனா ஓடும் வேகத்துக்குத் தன் எண்ணத்தை அடக்கி மெதுவாகச் சொல்லவேண்டும். இதனால்தான் கூடுதல் நேரம் தேவையாகிறது. மத்திய அரசாங்கம் 2018 ஆகஸ்டில் பொதுப் பரீட்சைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் ஈடு செய்யும் நேரம் தரவேண்டும் என்று கூறின. மூன்று மணி நேரப் பரீட்சை என்றால் நான்கு மணி நேரம்.

'இது சலுகை அல்லவா? மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் அல்லவா?' என்று கேட்கும் நேயர்கள் இருக்கக்கூடும். அவர்களை நாம் குறை கூறுவதற்கில்லை. ஏனெனில், ஒரு காலத்தில் நாமே அப்படிக் கேட்டவர்கள்தான். வாயால் கேட்டதோடு நிற்கவில்லை, காரியத்திலும் செய்தோம். அதை இங்கே சொல்லிவிடுவதே முறை.

எட்டு வருஷங்களுக்கு முன், இதே மாணவி பத்தாம் வகுப்பில் படித்தபோது, அரையாண்டுப் பரீட்சையில் நாம் அறைக் கண்காணிப்பாளராக இருந்தோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இவளுக்காக எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. எல்லாத் தாள்களையும் வாங்கிக்கொண்டு இவளிடம் வந்தோம். "எனக்கு இன்னும் நேரம் உண்டு என்றார்களே ஸார்" என்றாள். "அது பொதுத் தேர்வுக்கு அம்மா. இது பள்ளிப் பரீட்சைதானே" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டோம். விதியைச் சரியாகப் பார்க்கவில்லை, தலைமையாசிரியரைக் கேட்கவுமில்லை. அன்று மாலை மீஞ்சூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகவேண்டியிருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள்.

இத்தனை வருஷங்களுக்குப் பிறகு இப்போது நம் வீட்டில் உட்கார்ந்து, "நான்கு மணி நேரம் ஸார். இப்போது கொடுக்கிறார்கள்" என்று அவள் சொன்னபோது, அந்த 'இப்போது' என்ற சொல் நம் காதில் தைத்தது. அன்று செய்தது தவறு என்று அவளிடம் ஒப்புக்கொண்டோம். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இரண்டு கேள்வி ஸார். இரண்டுக்கும் பதில் தெரியும்" என்றாள். அவ்வளவுதான். அதில் கோபம் இருந்ததாகத் தோன்றவில்லை.

நம்மைப் போன்ற கண்காணிப்பாளர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள் என்பதற்குச் சுப்ரீம் கோர்ட்டே சாட்சி. 2021 செப்டம்பர் 12-ஆம் தேதி நடந்த வைத்தியக் கலாசாலை நுழைவுப் பரீட்சையான 'நீட்'டில், எழுத்துக் குறைபாடு உடைய ஒரு மாணவிக்குச் சேரவேண்டிய ஒரு மணி நேரம் தரப்படவில்லை. மற்றவர்களின் தாளோடு அவளுடைய தாளும் பிடுங்கப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. அதே வருஷம் நவம்பரில் வந்த தீர்ப்பு, மறு பரீட்சைக்கு உத்தரவிடவில்லை. ஆனால் அவளுக்கு நேர்ந்த அநியாயத்துக்குப் பரிகாரம் என்ன என்று ஆலோசிக்கும்படி பரீட்சை நடத்தியவர்களுக்குக் கட்டளையிட்டது. பரீட்சை நிலையங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இவ்விஷயத்தில் பயிற்சி தரவேண்டும் என்றும் கூறியது. அந்த வரியைப் படித்தபோது அது நமக்கே எழுதிய கடிதம் போலிருந்தது.

அதே வருஷம் பிப்ரவரி 11-ஆம் தேதி மற்றொரு தீர்ப்பும் வந்தது. எழுத உட்கார்ந்தால் கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வியாதியுள்ள விகாஷ் குமார் என்பவர், சிவில் சர்வீஸ் பரீட்சைக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்டார். சட்டம் வரையறுத்த நாற்பது சதவிகிதக் குறைபாடு அவருக்கு இல்லை என்று மறுத்துவிட்டார்கள். சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. ஒருவருக்கு எழுதுவதில் உண்மையான தடை இருக்குமானால், சதவிகிதக் கணக்கைக் காட்டி வசதியை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. உரிய வசதியைச் செய்து தருவது தயவு அல்ல, சமத்துவத்தின் ஒரு பகுதியே என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம். நாற்பது சதவிகிதத்துக்குக் குறைந்தவர்களுக்கான வழிகாட்டு நெறிகள் அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் வெளிவந்தன.

சட்டத்தின் சரித்திரத்தையும் சுருக்கமாகச் சொல்லலாம். 1950-இல் அமுலுக்கு வந்த நமது அரசியல் சாஸனத்தின் 41-ஆவது ஷரத்து, உடற்குறைபாடு உள்ளவர்களுக்குக் கல்விக்கும் சகாயத்துக்கும் அரசாங்கம் தன் சக்திக்கு இயன்ற வரையில் வழி செய்யவேண்டும் என்கிறது. அதை முழுச் சட்டமாக்க நாற்பத்தைந்து வருஷம் பிடித்தது. 1995-ஆம் வருஷச் சட்டம் கல்வி நிலையங்களில் நூற்றுக்கு மூன்று இடங்களை ஒதுக்கிற்று. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசாங்க, உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்து இடங்களுக்குக் குறையக்கூடாது என்றது. வயது வரம்பில் ஐந்து வருஷம் விட்டுக் கொடுத்தது. ஏழு வகையாக இருந்த குறைபாடுகளை 21 வகையாக விரித்தது.

ஆக, இடம் உண்டு. ஆனால் கலாசாலையில் இடம் கிடைப்பதும் படிப்புக் கிடைப்பதும் ஒன்றல்ல. பந்தியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டுப் பரிமாறாமல் போனால், விருந்துக்கு அழைத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாமா?

நமது மாணவி சொன்ன மற்றொரு விஷயத்தைக் கேளுங்கள். இப்போது கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் எழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. 2006-இல் ஆஸ்திரேலியாவில் கண் பார்வையற்ற இளைஞர்களே தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் காசில்லாமலே கிடைக்கிறது. தமிழையும் படிக்கிறது. ஆனால் நம் ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள்? கையால் எழுதிய குறிப்புகளைப் புகைப்படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். புகைப்படத்தில் இருப்பது எழுத்து என்று மென்பொருள் எப்படி அறியும்? 'படம்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறது. முப்பது பக்கப் பாடம், அவளுக்கு முப்பது தடவை 'படம், படம்' என்று கேட்கிறது. அதே குறிப்பைத் தட்டச்சு செய்து அனுப்ப எவ்வளவு செலவாகும்? கரும்பலகையில் எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுத எவ்வளவு செலவாகும்? 'இது இங்கே, அது அங்கே' என்று விரலால் காட்டாமல், 'முதல் வரி, இரண்டாவது சீர்' என்று சொல்ல எவ்வளவு செலவாகும்?

கால் நடக்க இயலாத மாணவர்களின் கதையும் இதுவே. மாடியில் வகுப்பு இருந்தால், மின்தூக்கி வரும் வரையில் அந்தப் பிள்ளை காத்திருக்கவேண்டும் என்கிறார்கள். அதற்கு எஸ்டிமேட், டெண்டர், நிதி எல்லாம் வேண்டும். அதற்குள் மூன்று வருஷப் படிப்பு முடிந்துவிடும். மின்தூக்கி வரட்டும், வரும் வரையில் வகுப்பைக் கீழ்த் தளத்துக்கு இறக்கலாம் அல்லவா? அறுபது பேர் ஒரு மாடி இறங்குவது, ஒருவரை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றுவதைவிடச் சுலபம், கௌரவமும் கூட.

வெளிநாடுகளில் மட்டும் இவையெல்லாம் தானாக வந்துவிட்டன என்று எண்ணவேண்டாம். கண்ணும் செவியும் இல்லாத ஹெலன் கெல்லர், 1899-இல் அமெரிக்காவின் ராட்க்ளிஃப் கலாசாலைக்கு நுழைவுப் பரீட்சை எழுதினார். கேள்விகளைப் புள்ளி எழுத்தில் பெயர்த்துத் தந்தார்கள். ஆனால் அல்ஜீப்ராக் குறிகளை அவர் பழகியது இங்கிலீஷ் முறையில். கேள்வித்தாள் அமெரிக்க முறையில். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்புதான் அந்த வேற்றுமையே தெரிய வந்தது. இரண்டு நாளில் புதிய குறிகளைக் கற்றுக்கொண்டு எழுதித் தேறினார்; 1904-இல் பட்டம் பெற்றார். உதவி செய்வதாக எண்ணியவர்கள், அவரையே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தத் தொல்லை நேர்ந்திராது. 1962-இல் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கலாசாலையில் சேர்ந்தபோது, அவர் தங்குவதற்கு விடுதியில் இடமில்லை. கலாசாலை ஆஸ்பத்திரியில்தான் இடம் கிடைத்தது. அவருக்குப் பின் அவரைப் போன்றவர்கள் மேலும் சிலர் வந்தார்கள். எல்லோரும் கூடி யோசித்துத் தங்களுக்கு வேண்டியவற்றைத் தாங்களே கேட்டு வாங்கினார்கள். 1970-இல் அங்கே இதற்கெனத் தனி ஏற்பாடே உண்டாயிற்று.

நம் நாட்டிலும் அஸ்திவாரம் இல்லாமல் இல்லை. மொழிக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்த புள்ளி எழுத்துக்கள் 1951-இல் 'பாரதி பிரெய்ல்' என்று ஒருமுகப்பட்டன. நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசாங்கப் பள்ளியும், மத்திய அரசாங்க நிலையத்தின் கிளையும் இருக்கின்றன. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் புள்ளி எழுத்து நூல்களுக்கென்று தனிப் பிரிவே உண்டு. ஆனால் மாவட்டத்தின் புறநகர் ரயில் பாதைகள் இரண்டு: ஒன்று திருவள்ளூர் வழியாக அரக்கோணத்துக்குப் போகிறது, மற்றொன்று எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு வருகிறது. பூவிருந்தவல்லி இரண்டிலும் இல்லை. கும்மிடிப்பூண்டிப் பெண்ணுக்குத் தன் மாவட்டத்தின் மறு கோடிக்குப் போவதைவிடச் சென்னைக்குப் போவது சுலபம். ஆகையால் பெரிய நிலையங்களை எதிர்பார்த்துக் காத்திராமல், ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு கலாசாலையிலும் சிறிய ஏற்பாடுகள் செய்துகொள்வது அவசியமாகிறது.

இனி, நமது மாணவிக்கு ஆள் கிடைத்த கதைக்கு வருவோம். நாமே எழுதுகிறோம் என்று முன்வந்தோம். "நீங்கள் கூடாது ஸார். எழுதுகிறவர் என்னைவிட ஒரு படி குறைந்த படிப்பு உள்ளவராக இருக்கவேண்டும். உங்கள் எம்.ஏ. பட்டம் இதற்கு உதவாது" என்றாள். இருபது வருஷமாக அந்தப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வருகிறோம். அது குறுக்கே நின்றது இதுவே முதல் தடவை. அடுத்த வீட்டில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கையெழுத்து முத்துப் போல இருக்கும். அவள் தாயாரிடம் கேட்டபோது முதலில் தயங்கினார்கள். "இவள் படிப்புக் கெடாதா, அண்ணா? நாலு நாள் போக வேண்டுமே" என்றார்கள். நியாயமான கவலைதான். பரீட்சை அட்டவணைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே ஒரு நாள் மட்டும் மோதியது. அந்த நாளுக்குக் கலாசாலை மூலமாக வேறு ஆள் ஏற்பாடாயிற்று.

மூன்று நாள் மாலை இருவரையும் நமது திண்ணையிலேயே உட்கார வைத்துப் பழக்கினோம். கேள்வியைத் தன் அபிப்பிராயம் கலவாமல் படிப்பது. சொன்னதைத் திருத்தாமல் எழுதுவது. ஒவ்வொரு பத்தி முடிவிலும் திரும்பப் படிப்பது. சந்தேகமான எழுத்து வந்தால் 'பெரிய றவா, சின்ன ரவா' என்று கேட்பது. முதல் நாள் இருவரும் கூச்சப்பட்டார்கள். மூன்றாம் நாள் சொல்கிற வேகமும் எழுதுகிற வேகமும் ஒன்றாகிவிட்டன.

முதல் பரீட்சையன்று மாலை ஏழு மணிக்கு இருவரும் ரயிலிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தார்கள். "எப்படி அம்மா?" என்று கேட்டோம். "முடித்துவிட்டோம் ஸார். பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது; எல்லாவற்றையும் ஒரு தடவை திரும்பப் படித்தோம்" என்றாள் நம் மாணவி. பி.காம். பெண் தன் விரல்களை நீவிக்கொண்டே, அளபெடை எத்தனை வகை என்று நமக்கே பாடம் சொல்ல ஆரம்பித்தாள்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்போ, பட்டப் படிப்போ படிக்கும் பிள்ளை இருக்கலாம். உங்கள் ஊருக்கு அருகே பொன்னேரியிலோ, பட்டாபிராமிலோ, திருத்தணியிலோ ஒரு கலாசாலை இருக்கலாம். அதன் முதல்வரைப் போய்ப் பாருங்கள். வருஷத்தில் நான்கு நாள் எழுதித் தர உங்கள் பிள்ளை தயார் என்று சொல்லி, பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு ஒரு பெண் ரயிலேறி வீடு வீடாக ஆள் தேடுகிற நிலைமை, அப்படிப்பட்ட ஒரு பட்டியல் இருந்தால் நேராது. ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அடுத்த தடவை அறைக் கண்காணிப்புக்குப் போகுமுன், அந்த அறையில் கூடுதல் நேரம் யாருக்கு உண்டு என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாண வரவேற்புக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் பிசகில்லை.